ஏழையின் நோன்புக்கு என்ன விளக்கம்?

ரமலான் பிறை தென்பட்டதிலிருந்து பெருநாள் வரை புதுச்சேரியின் மேடைகளிலும், நாளிதழ்களின் சிறப்புப் பக்கங்களிலும், தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளிலும் நோன்பைப் பற்றி ஒரே விளக்கம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: வசதி படைத்தவர் ஏழையின் பசியை உணர வேண்டும் என்பதற்காகவே இஸ்லாம் நோன்பைக் கடமையாக்கியது என்பதே அது. இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணம் கொண்டவர்கள். பிற சமயத்தார் பாராட்டாகவும், இஸ்லாமியப் பேச்சாளர்கள் தங்கள் மார்க்கத்தின் மனிதநேயத்துக்குச் சான்றாகவும் இதை முன்வைக்கின்றனர். ஆயினும் குர்ஆன் நோன்புக்குக் கூறும் நோக்கம் இதுவன்று. நோன்பின் சட்டங்களோடும் இவ்விளக்கம் ஒத்துவரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோன்பு நோற்கும் ஏழையையே அது நோன்பின் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. செல்வருக்குப் பசி ஒரு பாடம் என்றால், ஏற்கெனவே அப்பாடத்தில் கரைகண்டவர் எதற்காக முப்பது நாள் நோன்பிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இவ்விளக்கத்தில் விடையில்லை.

இக்கேள்வி வெறும் தர்க்கத்துக்காக எழுப்பப்படுவதன்று. புதுச்சேரி நகரின் தெற்குப் பகுதியில் முல்லா வீதி, காஜியார் வீதி முதலிய தெருக்களை ஒட்டி வாழும் இஸ்லாமியக் குடும்பங்களில் கடை முதலாளிகள் மட்டும் இல்லை. சுமை தூக்குபவர், தையல் இயந்திரம் மிதிப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், அன்றாடக் கூலிக்கு வேலை செய்பவர் ஆகியோரும் இருக்கின்றனர். பிறைக்கணக்கு ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்து அல்லது பதினொரு நாள் குறைவாக இருப்பதால் ரமலான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2018 இல் அது மே மாத நடுவில் தொடங்கிக் கத்திரி வெயிலின் பின்பகுதியை முழுவதும் தன்னுள் அடக்கிக்கொண்டது. அந்த வெயிலில் பெரிய மார்க்கெட்டின் சந்துகளில் மூட்டை சுமந்துகொண்டு, பகல் முழுவதும் ஒரு மிடறு தண்ணீர் அருந்தாமல் இருந்தவர் யாருடைய பசியை உணர்ந்துகொண்டிருந்தார்? தம் பசியை உணர அவருக்கு ரமலான் தேவையில்லை. அவர் நோன்பிருந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. அந்தக் காரணமே நோன்பின் உண்மையான பொருள்.

இஸ்லாமியச் சட்டம் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. அதன் கடமைகளுள் செல்வரை மட்டும் நோக்கியவை எவை என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஜகாத் என்னும் கட்டாயக் கொடை, நிஸாப் எனப்படும் குறைந்தபட்சச் சொத்து அளவை எட்டியவர் மீதே விதியாகும். தங்கத்தில் அந்த அளவு ஏறத்தாழ 85 கிராம். ஹஜ் பயணம், சென்று திரும்பும் செலவுக்கும் அதுவரை வீட்டாரின் பராமரிப்புக்கும் வழியுள்ளவர் மீதே கடமை. நோன்புக்கு இத்தகைய சொத்து வரம்பு எதுவும் இல்லை. பருவம் எய்தியிருத்தல், அறிவுத் தெளிவு, உடல்நலம், பயணத்தில் இல்லாதிருத்தல் ஆகியவையே அதற்கான நிபந்தனைகள். பெண்களுக்கு மாதவிலக்கு, பேறுகாலம் ஆகிய நாள்களில் நோன்பு இல்லை, பின்னர் அவற்றைக் கணக்கிட்டு நோற்க வேண்டும். செல்வருக்கு ஏழையின் பசியைக் கற்பிப்பதே நோக்கமாக இருந்திருந்தால், நோன்புக்கும் ஒரு நிஸாப் விதிக்கப்பட்டிருக்கும். ஜகாத்தில் செல்வரையும் ஏழையையும் இவ்வளவு நுட்பமாகப் பிரிக்கத் தெரிந்த சட்டம், நோன்பில் மட்டும் அந்த வேறுபாட்டை மறந்துவிட்டது என்று கருத இடமில்லை.

இதைவிட வலுவான சான்று பரிகாரச் சட்டத்தில் இருக்கிறது. சத்தியம் செய்து அதை முறித்தவருக்குக் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 89 ஆம் வசனம் கஃப்பாரா, அதாவது குற்றப் பரிகாரம், ஒன்றை விதிக்கிறது: அவர் தம் குடும்பத்தாருக்கு வழக்கமாக அளிக்கும் உணவின் நடுத்தரத்தில் பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், அல்லது அவர்களுக்கு உடை தர வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும்; இவற்றுள் எதற்கும் வசதியற்றவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். வசதியுள்ளவர் உணவளிக்கிறார், வசதியற்றவர் நோன்பிருக்கிறார் என்பதே இதன் வரிசை. நடப்பில் உள்ள விளக்கம் சரியென்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பசியறியாத செல்வரையே முதலில் மூன்று நாள் நோன்பிருக்கச் சொல்லியிருக்க வேண்டும். இங்கோ கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லாத மனிதனும் இறைவனுக்குக் கொடுக்கக்கூடிய ஒன்றாக நோன்பு வைக்கப்பட்டிருக்கிறது. ஏழைக்கு அது தண்டனையாக விதிக்கப்படவில்லை. பொருளில்லாத காரணத்தால் வழிபாட்டிலிருந்தும் பரிகாரத்திலிருந்தும் எவரும் விலக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக அவர் கையில் அளிக்கப்பட்ட செல்வம் அது.

ரமலான் நோன்பு ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், பொது ஆண்டுக் கணக்கில் 624 ஐ ஒட்டி, மதீனாவில் கடமையாயிற்று. அதற்குரிய விதிகள் அல்பகரா என்னும் இரண்டாம் அத்தியாயத்தின் 183 ஆம் வசனம் முதல் 187 ஆம் வசனம் வரை அமைந்துள்ளன. நோன்பின் நோக்கம் இன்னதென்று முதல் வசனமே கூறிவிடுகிறது: அது தக்வா. இறைவன் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற விழிப்போடு தவறிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் மனநிலைக்குத் தக்வா என்று பெயர். தமிழ் இஸ்லாமிய வழக்கில் அது இறையச்சம் எனப்படும். தனியறையில் தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பார்ப்பவர் எவருமில்லை, அருந்தினாலும் வெளியே தெரியப்போவதில்லை, இருந்தும் அருந்தாமல் இருப்பதற்கு ஒரே காரணம் இறைவன் அறிவான் என்ற உறுதி. தொழுகை கண்ணுக்குத் தெரியும், கொடை பெறுபவருக்குத் தெரியும், ஹஜ் ஊருக்கே தெரியும். நோன்பு மட்டும் ஒரு செயலைச் செய்யாதிருத்தலாகவே அமைவதால் அதற்கு வெளிச்சாட்சி இல்லை. நோன்பு தனக்கே உரியது, அதற்குரிய கூலியைத் தானே நேரில் அளிப்பதாக இறைவன் கூறுவதாய் வரும் நபிமொழிக்கு அறிஞர் பலர் இந்த அடிப்படையிலேயே விளக்கம் தந்துள்ளனர். இப்பொருளில் பார்த்தால் மூட்டை சுமப்பவரின் நோன்புக்கும் முதலாளியின் நோன்புக்கும் வேறுபாடில்லை. இருவருமே தமக்குச் சொந்தமான தண்ணீரை, தமக்கு உரிமையான நேரத்தில், இறைவனுக்காக விலக்கி வைக்கின்றனர்.

இவ்வாறு கூறினால் நோன்பு தனிமனித பக்தியாகச் சுருங்கிவிடாதா, அதன் சமூகப் பொருள் மறைந்துவிடாதா என்று மறுதரப்பினர் கேட்கக்கூடும். அதற்கு விடை, நோன்பு வசனங்களை அடுத்து உடனே வரும் 188 ஆம் வசனத்தில் இருக்கிறது. பிறர் பொருளை முறைகேடாக உண்ணக் கூடாது, மக்களின் சொத்தில் ஒரு பகுதியை அநியாயமாக அபகரிப்பதற்காக அதிகாரிகளிடம் பொருளைக் கொண்டுசேர்க்கக் கூடாது என்பதே அவ்வசனத்தின் கட்டளை. உரையாசிரியர்கள் இதில் கையூட்டுக்கான தடையைக் கண்டுள்ளனர். நோன்பு பற்றிய பேச்சுகளில் இவ்வசனம் அரிதாகவே எடுத்தாளப்படுகிறது என்பது வருந்தத்தக்கது. தனக்கு ஆகுமான உணவையே பகலில் விலக்கி வைக்கப் பழகியவன், தனக்கு ஒருபோதும் ஆகாத பிறர் பொருளை எப்படி உண்ண முடியும் என்ற வினா அந்த அடுக்கிலேயே பொதிந்துள்ளது. பொய்யையும் பொய்யான நடத்தையையும் கைவிடாதவர் உண்ணாமலும் பருகாமலும் இருப்பது இறைவனுக்குத் தேவையில்லை என்னும் பொருளில் புகாரியின் தொகுப்பில் வரும் நபிமொழியும் இதையே உறுதிசெய்கிறது. பசியை உணர்வது எளிது. எடைக்கல்லைச் சரியாக வைப்பதும், கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும், பத்திரப் பதிவுக்கு லஞ்சம் தராமலும் வாங்காமலும் இருப்பதும் கடினம். எளிதானதை நோக்கமாக்கிக் கடினமானதை மறக்கச் செய்யும் விளக்கத்தை மனிதநேய விளக்கம் என்று ஏற்பதற்கில்லை.

நபிகள் நாயகத்தின் காலத்து நிகழ்ச்சி ஒன்று, ஏழையின் நோன்பு எப்படிப் பார்க்கப்பட்டது என்பதை நேரில் காட்டுகிறது. நபித்தோழர் அபூஹுரைரா அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ளது. ரமலான் பகலில் மனைவியோடு கூடி நோன்பை முறித்துவிட்ட ஒருவர், அழிந்துவிட்டேன் என்று கலங்கியவராய் நபிகளிடம் வருகிறார். ஓர் அடிமையை விடுவிக்க முடியுமா, இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பிருக்க முடியுமா, அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க முடியுமா என்று நபிகள் கேட்க, மூன்றுக்கும் அவர் முடியாது என்கிறார். அந்நேரத்தில் ஒரு கூடைப் பேரீச்சம்பழம் வருகிறது. அதை எடுத்துச் சென்று தர்மம் செய்யுமாறு நபிகள் அவரிடம் கொடுக்கின்றனர். மதீனாவின் இரு கருங்கல் வெளிகளுக்கு இடையே தம் வீட்டைவிட வறிய வீடு எதுவும் இல்லையே என்கிறார் அந்த மனிதர். கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்த நபிகள், அப்படியானால் அதை உம் வீட்டாருக்கே உண்ணக் கொடும் என்று அனுப்பி வைக்கின்றனர். ஊரிலேயே மிக வறியவரான அம்மனிதரிடம், பசியை அறிந்த உமக்கு நோன்பு எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. நோன்பை முறித்ததற்காக உள்ளம் பதறும் தகுதி அவருக்கு இருந்தது. பரிகாரம் செய்யும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. அவருடைய வறுமையோ அன்பான சலுகையைப் பெற்றது. மூன்றும் ஒருங்கே அமைந்த அந்த மரியாதையை, பசிப்பாட விளக்கம் ஏழைக்கு அளிப்பதில்லை.

மறுதரப்புக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அதன் கருத்து முழுவதும் அடிப்படையற்றதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில் பசியின் பயன்களை வரிசைப்படுத்தும்போது, துன்பத்தில் இருப்பவர்களை மறவாதிருத்தலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். எகிப்தின் களஞ்சியங்கள் தம் பொறுப்பில் இருந்தும் யூசுஃப் நபி வயிறு நிறைய உண்ணாததற்கு இக்காரணத்தைக் காட்டும் மரபுச் செய்தியும் அங்கே இடம்பெறுகிறது. ஆனால் கஸ்ஸாலி கூறுவது பல பயன்களுள் ஒரு பயன். நோன்பின் இரகசியங்களைப் பற்றித் தனியே எழுதும்போது அவர் மையமாக வைப்பது வேறு: பொதுமக்களின் நோன்பு வயிற்றையும் இச்சையையும் அடக்குவது, சிறப்புடையோரின் நோன்பு கண், காது, நாவு, கை, கால் ஆகியவற்றையும் தவறிலிருந்து காப்பது, அதற்கும் மேற்பட்ட நோன்பு உள்ளம் இறைவனைத் தவிர வேறெதிலும் ஈடுபடாதிருப்பது என்னும் மூன்று படிகள். கிளையில் காய்த்த ஒரு கனியை எடுத்து அதையே வேர் என்று காட்டுவதுதான் இன்றைய விளக்கத்தின் பிழை.

தமிழ்ச் சூழலில் இப்பிழை எளிதில் வேர்கொண்டதற்குக் காரணம் உண்டு. பசியைப் பிணி என்று அழைத்து, அதைத் தீர்ப்பதை அறங்களுள் தலையாயதாக வைத்த மரபு இது. மணிமேகலையின் அமுதசுரபி முதல் வள்ளலார் 1867 இல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலை வரை அதன் தொடர்ச்சி நீள்கிறது. அந்த மரபில் வளர்ந்தவர் நோன்பைக் கண்டதும் அதற்குப் பசி தீர்க்கும் பொருளைத் தேடுவது இயல்பே. ஆனால் அம்மரபே இவ்விளக்கத்துக்கு எதிராகவும் சாட்சி சொல்கிறது. பசியைப் பொறுக்கும் தவவலிமையைவிட, பிறர் பசியை மாற்றுவோரின் வலிமையே பெரிது என்று ஈகை அதிகாரத்தில் வரிசைப்படுத்தியவர் வள்ளுவர். வடலூரில் மூட்டிய அடுப்புக்கு அரிசி அனுப்புபவர் எவரும் முதலில் பட்டினி கிடந்து பழக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்படவில்லை. பசித்தவன் முகத்தைப் பார்த்தாலே போதுமானது. பிறர் பசியை அறியத் தன் வயிறு காய வேண்டும் என்பது மனித மனத்தைக் குறைத்து மதிப்பிடும் கருத்து. மேலும் மாலையில் மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்ததும் தீர்ந்துவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்த பசி, அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வரும் என்று தெரியாதவரின் பசி ஆகாது. பின்னதில் அச்சம் இருக்கிறது, பிள்ளைகளின் முகம் இருக்கிறது, கடன்காரரின் குரல் இருக்கிறது. முன்னதை அனுபவித்தவர் பின்னதை உணர்ந்துவிட்டதாகச் சொல்வது ஏழைக்கு இழைக்கும் அநீதி.

நோன்பு உடலைச் சுத்தப்படுத்துகிறது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது என்னும் மருத்துவ விளக்கத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. நோயுற்றவருக்கு நோன்பிலிருந்து குர்ஆனே விலக்களிக்கும்போது, நோன்பை மருந்தென்று விளம்பரம் செய்வது பொருந்தாது. ஆனால் மருத்துவ விளக்கத்துக்கும் பசிப்பாட விளக்கத்துக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு: இரண்டுமே நோன்பை வேறொரு பயனுக்கான கருவியாக்குகின்றன. கருவியின் கதி என்ன ஆகும் என்பதை, புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த, 1956 இல் விடுதலை பெற்ற துனிசியா காட்டியது. 1960 இல் அந்நாட்டு அதிபர் ஹபீப் பூர்கிபா, நாட்டின் பின்தங்கிய நிலைக்கு எதிரான போராட்டமும் ஒரு புனிதப் போரே, ஆகவே உற்பத்தியைக் குறைக்கும் நோன்பை உழைப்பவர்கள் விட்டுவிடலாம் என்று வாதிட்டார். சமூகப் பயனே நோன்பின் நோக்கம் என்று ஒப்புக்கொண்டவரால் அவருக்கு மறுமொழி கூற இயலாது; அதைவிடப் பெரிய சமூகப் பயன் ஒன்றைத்தான் அவர் காட்டினார். துனிசிய மக்களில் பெரும்பாலோர் அவர் அழைப்பை ஏற்காமல் நோன்பைத் தொடர்ந்தனர்.

அவ்வாறாயின் நோன்பின் சமூகப் பொருள் எங்கே இருக்கிறது? அது உணர்ச்சியில் இல்லை. அளந்து கொடுக்கும் தானியத்தில் இருக்கிறது. முதுமையாலோ தீராத நோயாலோ நோன்பு நோற்க இயலாதவர் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யா எனப்படும் ஈடு. ஷாஃபி மத்ஹபின்படி, அதாவது இமாம் ஷாஃபியின் சட்ட வழியின்படி, இதன் அளவு நாளொன்றுக்கு ஒரு முத்து. நபிகளின் காலத்து முகத்தல் அளவான இது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 600 கிராம் தானியம். அதே வழியில், தன் உடலுக்காக அன்றிக் குழந்தையின் நலனுக்காக அஞ்சி நோன்பை விட்ட பாலூட்டும் தாய், அந்நாள்களைப் பின்னர் நோற்பதோடு இந்த ஈட்டையும் அளிக்க வேண்டும். விட்ட நோன்பைத் தக்க காரணமின்றி அடுத்த ரமலான் வரை தள்ளிப்போட்டவருக்கும் அதே விதி. ரமலான் பகலில் மனைவியோடு கூடி முறித்த நோன்பின் பரிகாரம் அறுபது ஏழைகளின் உணவு வரை செல்வதை மேற்கண்ட நிகழ்ச்சியிலேயே காணலாம். இங்கே எவருடைய உள்ளம் இளகியது என்று சட்டம் கேட்கவில்லை. இளகினாலும் இளகாவிட்டாலும் ஏழையின் பங்கு ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும். பணக்காரரின் இரக்கத்தை நம்பி ஏழையைக் காத்திருக்க வைக்காததே இச்சட்டத்தின் பெருமை.

இவற்றுள் மிக ஆழமானது ஃபித்ரா என்று மக்கள் வழங்கும் ஈகைத் திருநாள் தர்மம். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்காகவும், பால்குடிக்கும் குழந்தைக்காகவும்கூட, அது கொடுக்கப்படுகிறது. தமிழ் இஸ்லாமியரிடையே வழங்கும் ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு வழிகளும் இதில் வேறுபடுகின்றன. ஹனஃபி வழியில் நிஸாப் அளவு வசதியுள்ளவர் மீதே அது கடமை. கோதுமை முதலியவற்றின் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். ஷாஃபி வழியில் அந்த ஊரின் முக்கிய உணவுத் தானியத்தையே, இங்கு அரிசியை, நான்கு முத்து கொண்ட ஒரு ஸாஉ அளவு, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, கொடுக்க வேண்டும். பெருநாளின் இரவுக்கும் பகலுக்கும் தம் குடும்பத்தின் இன்றியமையாத் தேவை போக மிச்சம் வைத்திருக்கும் எவரும் கொடுத்தாக வேண்டும். ஆகவே காலையில் பிறரிடமிருந்து அரிசி பெற்ற குடும்பம், அதில் ஒரு பகுதியைத் தானும் ஃபித்ராவாகக் கொடுப்பது நடக்கிறது. ஏழையைப் பெறுபவராக மட்டுமே பார்க்கப் பழகிய கண்ணுக்கு இது வியப்பாகத் தோன்றலாம். கொடுப்பதன் மதிப்பு ஏழைக்கும் உரியது என்று கருதிய சட்டமே இப்படி அமைய முடியும்.

புதுச்சேரித் தெருக்களில் நோன்புக் கஞ்சி இதே கருத்தின் கண்கூடான வடிவம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்நகரில் பெரிய வாய்க்காலின் கிழக்கே வெள்ளையர் பகுதியும் மேற்கே தமிழர் பகுதியுமாக இருந்தது. தமிழர் பகுதியிலும் சாதிக்கும் சமயத்துக்கும் தனித்தனித் தெருக்கள் அமைந்தன. இப்படிப் பிரிந்து கிடந்த நகரில், ரமலான் பிற்பகலில் பள்ளிவாசலின் ஓரத்தில் பெரிய அடுப்பில் பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கொதித்து, இஞ்சி பூண்டு விழுதும் புதினா மல்லியும் சேர்ந்து, இறுதியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கப்படுகின்றன. அஸர் எனப்படும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் தூக்குவாளிகளோடு பிள்ளைகளும் பெண்களும் வரிசையில் நிற்கின்றனர், அவ்வரிசையில் அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவ வீடுகளிலிருந்து வந்தவர்களும் உண்டு. அன்றைய கஞ்சிச் செலவை ஏற்றவரும், அதை வாங்கிப் போகிறவரும், கிண்டியவரும், மாலையில் ஒரே பாங்கைக் கேட்டு ஒரே கஞ்சியைக் குடிக்கின்றனர். நோன்பாளிக்கு உணவளித்தவருக்கு, நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாமல், அதே அளவு கூலி உண்டு என்பது நபிமொழி. கஞ்சி வாங்குபவர் இங்கே இரக்கத்துக்குரியவர் அல்லர். கொடுப்பவருக்கு நன்மையைத் தேடித் தருபவர்.

பசிப்பாட விளக்கத்தின் தீங்கு நடைமுறையில் வெளிப்படும் இடம் விருந்து மேடைகளே. பகல் முழுவதும் ஏழையின் பசியை உணர்ந்துவிட்டதாக நம்பும் வசதியாளர், தம் சமூகக் கடமையின் பெரும்பகுதி அத்துடன் நிறைவேறிவிட்டதாக எண்ணத் தொடங்குகிறார். மாலையில் நட்சத்திர விடுதியில் நோன்பு திறக்கும் இஃப்தார் விருந்தில் இருபது வகை உணவு பரிமாறப்படுவது அவருக்கு முரணாகத் தோன்றுவதில்லை. பகலில் விட்டதையெல்லாம் இரவில் சேர்த்து உண்பவருக்கு நோன்பால் என்ன பயன் என்று கஸ்ஸாலி தம் காலத்திலேயே கண்டித்திருக்கிறார். அரசியல் கட்சிகள் நடத்தும் இஃப்தார்களில் ஏழையின் பசி பற்றிய உரை தவறாமல் நிகழ்கிறது. முன்வரிசையில் ஏழை எவரும் அமர்த்தப்படுவதில்லை. உணர்ச்சியைக் கடமையின் இடத்தில் வைத்தால் முடிவு இதுவாகவே இருக்கும், ஏனெனில் உணர்ச்சிக்கு அளவு கிடையாது, கணக்குக் கேட்பவரும் கிடையாது.

ஆகவே பள்ளிவாசல் மேடைகளில் பேசுவோரும், பாடநூல் எழுதுவோரும், ரமலான் சிறப்பிதழ் தயாரிப்போரும் இந்தப் பழகிய வாக்கியத்தைக் கைவிட வேண்டும். வசதி படைத்தவரைப் பார்த்து, ஏழையின் பசியை உணர்ந்தீர்களா என்று கேட்பதற்குப் பதிலாக, ஜகாத்தைக் கணக்கிட்டீர்களா, கடையில் நிற்கும் பையனின் கூலியை நிலுவையின்றிக் கொடுத்தீர்களா, ஃபித்ராவை உரிய வீட்டில் சேர்த்தீர்களா என்று கேட்க வேண்டும். இவற்றுள் கடைசிக் கேள்விக்கு நேரக் கெடுவும் உண்டு: நபித்தோழர் இப்னு அப்பாஸ் அறிவிக்கும் நபிமொழியின்படி, பெருநாள் தொழுகைக்கு முன் கொடுக்கப்பட்டதே ஃபித்ராவாக ஏற்கப்படும், தொழுகைக்குப் பின் கொடுத்தது மற்றத் தர்மங்களைப் போல ஒரு தர்மம் மட்டுமே.